காத்து மட்டும் போதும்

மாதா கோயில் மண்டபத்தில் ஒரு தொண்டு அமைப்பு பழைய சைக்கிள்களை மலிவாக விற்றுக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒன்று பார்க்கக் குனிந்தபோது டயர் ரப்பரும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. ஜார்ஜ் டவுனில் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையின் வாடை.

இப்படியொரு விற்பனை முதலில் வந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். ஃபாதர் கேட்டார் என்று அப்பாவே ஞாயிறு பூசை முடிந்து அந்தச் சைக்கிள்களுக்கு பிரேக் பூட்டிக் கொடுத்தார்.

"இல்லாத பிள்ளைங்க ஓட்டட்டும் லா" என்றார்.

அதன்பிறகும் கடையில் கூட்டம் குறையவில்லை. எல்லோரும் அந்தச் சைக்கிள்களைத்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "காத்து மட்டும் போதும் அண்ணே." காற்றுக்கு அப்பா யாரிடமும் காசு வாங்கியதில்லை. பம்ப் காலையிலிருந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கும், உத்தரத்தில் தொங்கிய புதுச் சைக்கிள்களின் பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிக்கொண்டேயிருக்கும், மாடியில் துணி மடிக்கும் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வியாபாரம் நன்றாக நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள், கடையை மூடுகிற மாதம் வரைக்கும்.

மகள் சிவப்பு சைக்கிளைக் காட்டினாள். வாங்கினேன். முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"காத்து எங்க அடிக்கிறது தம்பி?"

விற்ற இளைஞன் நான்கு பக்கமும் பார்த்தான். "இங்க சைக்கிள் கடையே இல்ல லா அக்கா. ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

ஆமாம் என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினோம்.