மீசை முளைத்த மீனும் கொட்டாஞ்சேனை சேவியரும்

சேவியர் போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி எமல்டா கோல் எடுத்தார். நேற்றுப் பின்னேரம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

என் நம்பரை எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியவில்லை. சேவியரோடு நான் கதைத்து இருபது வருடங்களுக்கு மேல்.

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. யுத்த காலத்தில், தொண்ணூறுகளில், கொழும்பு கோட்டையில், துறைமுகச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஒஃபிஸில் எனக்குப் பக்கத்து மேசை.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொட்டாஞ்சேனை. சிங்களம் தண்ணீர் மாதிரி வரும்.

மீன் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவனும் அவன்தான். ஒருநாள் என் லஞ்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை... உள்ளே இரண்டு பிரிசில்நோஸ் கெட்ஃபிஷ். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்த இனம்.

"ஜோடி மச்சான். பெரிசு ஆம்பள, சின்னது பொம்பள. குஞ்சு பொரிச்சா எனக்குப் பாதி."

நான் விலங்கியல் படித்தவன். சின்னது வயதில் இளையதாகவும் இருக்கலாம், அளவை வைத்துச் சொல்லாதே, மீசையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். வளர்ந்த ஆணுக்கு மூக்கில் தொடங்கி நெற்றி வரை முள்முள்ளாகக் கிளைவிட்டு நிற்கும். பெண்ணுக்கு உதட்டோரம் ஏதோ கொஞ்சம்... அதுவும் இல்லாமல் போகலாம்.

"வந்துட்டாரு புரொஃபெசர்! பெரிசுன்னா ஆம்பளதான்டா. என்னயும் எமல்டாவையும் பாரு."

சில மாதங்களில் சின்னதுக்கு மீசை முளைத்தது. பெரியது வயிறு உருண்டு, முகம் மழமழவென்று அப்படியே இருந்தது. விடுவேனா... சேவியரை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

குனிந்து நன்றாகப் பார்த்தான். "பொம்பளதான். மீசை முளைச்ச பொம்பள. எங்க தெருவுலயே ரெண்டு பேர் இருக்காங்க, வந்து பாரு."

அப்படிப்பட்டவன்.

பிறகு அந்த மீசைக்காரன் நான் தொட்டிக்குள் போட்டிருந்த பிவிசி பைப் துண்டில் குடியேறினான். உள்ளே செம்மஞ்சள் முட்டைகள். இந்த இனத்தில் காவல் இருப்பது தகப்பன்தான்... வெளியே வராமல் செட்டையால் விசிறிக்கொண்டே கிடக்கும்.

அந்தக் கிழமைதான் எங்கள் தெருவில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம்... அந்தக் காலத்தில் அது போதும். என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

கொழும்பில் வேலை செய்கிற, தெரிந்த ஒருவர் வந்து பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தால் விடுவார்கள். நான் சேவியரின் பெயரைச் சொன்னேன். பொலிஸில் கதவு திறக்கும்போதெல்லாம் அவன்தான் என்று எழும்பினேன்.

வரவில்லை.

ஒஃபிஸில் இருந்து யாருமே வரவில்லை. மற்றவர்களைப் பற்றி அவரவர் முறை வரும்போது எழுதுகிறேன். இரண்டு கிழமை கழித்து, கிருலப்பனையில் இருந்த தூரத்து மாமா ஒருவர் வந்துதான் என்னை வெளியே எடுத்தார்.

அறைக்கு வந்தால் மீன்தொட்டி காலி.

"தம்பி, உம்மைப் பிடிச்ச அண்டைக்கே ஒஃபிசுக்கு கோல் எடுத்துச் சொன்னனான்," என்றார் வீட்டுக்காரம்மா. "அடுத்த நாள் அந்தச் சேவியர்த் தம்பி வந்து மீனை எடுத்துக்கொண்டு போனவர்."

எனக்கு வராதவன் மீனுக்கு வந்திருக்கிறான்.

குளிக்கக்கூட இல்லை. நேரே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

அவன் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய பேசின். அதன் ஓரமெல்லாம் நூல்நூலாகக் குஞ்சுகள். எமல்டா பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

சேவியர் கதை சொல்லத் தொடங்கினான். பைப்பின் இரண்டு வாயையும் கையால் பொத்தி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடி த்ரீவீலில் வந்தானாம். செக்பொயின்ற்றில் ஆமிக்காரன் எட்டிப் பார்த்தால்... வாளிக்குள் ஒரு பைப், அதை விடாமல் பிடித்திருக்கும் ஒரு தமிழன்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில். கொழும்பில்.

"துவக்க நெஞ்சுல வச்சிட்டான் மச்சான். நான் கைய எடுக்கல. எடுத்தா இவன் வெளிய பாஞ்சிருவான், முட்ட எல்லாம் போயிரும். 'மாளு சேர், மாளு, மீன்தான் சேர்'னு கத்துறேன். ஒருத்தன் டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு, 'மீசைக்காரன் ஆம்பளயா'ன்னு கேட்டான். ஆம்பளதான் சேர்னேன்."

"அப்ப ஒத்துக்கொண்டனி?"

"துவக்கு நெஞ்சுல இருக்கு. வேற என்ன சொல்ல?"

எமல்டா சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது... விழுங்கிக்கொண்டேன்.

"மீனுக்காகத் துவக்குக்கு முன்னால நிண்டிருக்கிறாய். எனக்கு ஒரு கையெழுத்து வைக்க ஏன்டா வரேல்லை?"

பேசினுக்குள் விரலை விட்டு, ஒதுங்கிய ஒரு குஞ்சை மற்றவற்றோடு தள்ளிவிட்டான்.

"மீனுக்கு ஐடி கேக்க மாட்டான் மச்சான். உனக்கு வந்தா என் பேரையும் எழுதிக்குவான். இவளுக்கு மாசம் நெருங்குது..."

அது ஒரு காரணம்தான். அன்றைக்கே விளங்கியது. ஆனால் பொலிஸ் வாங்கில் குந்தியிருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மீனைக்கூடக் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன். சீக்கிரமே வேறு ஒஃபிஸும் தேடிக்கொண்டேன். அங்கேயும் சில தடவை கோல் எடுத்தான்... இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

இன்று காலை எமல்டா கேட்டார். "இன்னும் கோவமா இருக்கீங்களா அண்ணா?"

"ஓம்" என்றேன்.

"பரவால்ல... கோவத்தோடயே வாங்க. நாளைக்குத்தான் எடுக்கிறோம்."

சேவியர்... அன்றைக்கு நீ வரவில்லை.

நாளைக்கு நான் வருகிறேன்.

போய் வா, மச்சான்.