பக்கத்து வகுப்பின் அமைதி

1997 ஜூலையில், விளாங்குடிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அதே நாளில் இன்னொரு பெண்ணும் சேர்ந்தார். அடுத்த ஜூனுக்குப் பிறகு இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று துறைத்தலைவர் அன்றே சொல்லிவிட்டார்.

எங்கள் வகுப்புகள் அடுத்தடுத்த அறைகள். ஆகஸ்ட் வரை இரண்டிலும் ஒரே இரைச்சல்தான். செப்டம்பரில் அவர் அறை அடங்கிவிட்டது. நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பனங்கற்கண்டுப் பால் குடித்தால்தான் பேச்சே வரும். வராந்தாவில் வரும் துறைத்தலைவர் என் வாசலில் நிற்பார்.

"பக்கத்து ரூம்ல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. நீங்க என்ன, சந்தைக்கடையா நடத்துறீங்க?"

மாணவிகள் முன்னாலேயே கேட்பார். எனக்கு வயிறு எரியும். அந்தப் பெண்ணோ ஆசிரியர் அறையில் யாரிடமும் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் தலையசைத்துச் சிரிப்பார். தலைக்கனம் என்று முடிவுகட்டினேன். அப்படி என்னதான் மந்திரம் வைத்திருக்கிறார் என்ற யோசனையிலேயே என் பாடக்குறிப்புகள் பாதியில் நின்றன.

பிப்ரவரியில் ஒரு நாள் அவர் விடுப்பு. அவர் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பழக்கதோஷத்தில் நுழைந்ததுமே உரக்க ஆரம்பித்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்றாள். இதை உங்கள் மிஸ் எப்படிப் பழக்கினார் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க பழக்கல மிஸ். அவங்களுக்குத் தொண்டை போயிருச்சு. சத்தமாப் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். குசுகுசுன்னுதான் பாடம் எடுப்பாங்க. நாங்க பேசுனா கேக்காதுல்ல, அதான்." கொஞ்சம் தயங்கினாள். "ஹெச்.ஓ.டி.க்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் எடுக்க மாட்டாங்க. சொல்லிராதீங்க மிஸ்."

அதே வேலைக்குத்தான் நானும் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மணி அடித்தது. துறைத்தலைவர் அறையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். கதவு திறந்திருந்தது, அவர் தனியாக இருந்தார். என்ன விஷயம் என்பதுபோலத் தலையை நிமிர்த்தினார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஜூனில் அந்தப் பெண்ணைத்தான் வைத்துக்கொண்டார்கள். நான் வேறு கல்லூரி தேடிக்கொண்டேன். அதன்பின் என் வகுப்புகளும் அடங்கி உட்காரக் கற்றுக்கொண்டன. ஆனால் எனக்காக ஒரு ரகசியத்தைக் கட்டிக்காத்த வகுப்பு ஒன்றுகூட வாய்க்கவில்லை, அந்தப் பொறாமை மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.