கொட்டை எனக்கு, கதுப்பு அவருக்கு

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஆறு மாமரங்களும் காய்த்தன. காய்ப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தொண்டைப் புற்றுக்குக் கரண்டு, அதுதான் கதிர்வீச்சு, வைத்து முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. புற்று போய்விட்டது. நாக்கில் சுவை திரும்பவில்லை.

சங்ககிரியில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டால்தான் வண்டி நகரும் என்பது அவர் கட்சி. அதற்காக நான் போடாத சண்டை இல்லை. ஒரு தடவை பொட்டலத்தைக் கிணற்றில் வீசினேன், மறுநாள் சட்டைப் பையில் புதுப் பொட்டலம் இருந்தது. கடைசியில் அது தொண்டையில் போய் உட்கார்ந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எடை இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் கஞ்சி ஊற்ற வேண்டியிருக்கும். சுவை சிலருக்கு ஆறு மாதத்தில் வரும், சிலருக்கு வருடம் தாண்டும், சிலருக்கு அரைகுறையாகவே நின்றுவிடும். எதற்கு ஆசைப்படுகிறாரோ அதைக் கொடுங்கள் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

கரண்டு வைத்த நாட்களில் அவருக்கு மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னிடம், "இன்னொருக்கா கொழாய்னு சொன்னாங்கன்னா ஆஸ்பத்திரிக்கே நான் வரமாட்டேன் அம்மிணி. போறது போகட்டும்," என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

அவர் ஆசை எது என்பதில் சந்தேகம் இல்லை. லாரி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சித்திரையில் ஒரு நடை வீட்டுக்கு வந்துவிடுவார், எனக்காக அல்ல, மாம்பழத்துக்காக. மரங்களும் அவர் வைத்தவைதான். செந்தூரா முந்திக்கொள்ளும், பின்னாலேயே குண்டு. வைகாசியில் இமாம்பசந்தும் மல்கோவாவும், ஆனியில் நீலம். இத்தனை ரகத்தில் ஏதாவது ஒன்று அவர் நாக்கில் ஏறாதா என்று நம்பிக்கொண்டிருந்தேன். பங்குனி முழுக்க விடிந்ததும் போர்த் தண்ணீரைத் திருப்பிவிட்டு மரத்தடியில் நின்றேன். பிஞ்சு உதிர்ந்தால் மரத்தைத் திட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலி ஓரம் நின்று, யாருடன் சண்டை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் செந்தூராவை அவர்தான் அறுத்தார். எங்கள் வீட்டில் பழம் அறுப்பது எப்போதும் அவர் வேலை. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மென்றார், தண்ணீர் குடித்தார், விழுங்கினார்.

"எப்புடி இருக்குதுங்க?" என்றேன்.

"இனிக்குது," என்றார்.

உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றினேன். தினம் இரண்டு பழம் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருந்தது.

அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. தின்கிறார், இனிக்கிறது என்கிறார், ஆள் இளைக்கிறார். கட்டி மறுபடி வந்துவிட்டதோ என்ற நினைப்பு பிடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்து, சொல்லாமலும் இருக்க முடியாமல், அவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். துண்டைக் கொடியில் போடவில்லை என்பதற்குக்கூட ஒரு சண்டை.

அந்த வாரம் ஒரு மத்தியானம் காற்றும் மழையும் அடித்தது. குண்டு மரத்தில் பாதிக் காய் கீழே கிடந்தது. காற்றில் விழுந்த காய் முற்றியிருக்காது, பறித்த காயோடு அதைச் சேர்க்கக் கூடாது, இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று என் புத்தி என்னிடம் இல்லை. முந்தானையில் அள்ளி, பறித்து வைத்திருந்ததோடு ஒரே வைக்கோலில் போட்டு மூடிவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து மேலாக இருந்த ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தேன். தோல் நன்றாக மஞ்சள் பிடித்திருந்தது. இரண்டு கதுப்பையும் அறுத்துத் தின்றார். கொட்டையை என்னிடம் நீட்டினார். கொட்டை எப்போதும் என் பங்கு. யாரும் போட்ட சட்டம் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று கதுப்பு போய்விடும். மிஞ்சியதைச் சப்பிப் பழகிவிட்டேன்.

"கல்கண்டாட்டம் இருக்குது," என்றார் அவர்.

நான் கொட்டையை வாயில் வைத்தேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊறுகாய்க்குப் போட்டிருக்க வேண்டிய காய். அவ்வளவு புளிப்பு.

கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கொட்டையைச் சுவரில் வீசி அடித்தேன். "இதா கல்கண்டு? என்னைப் பாத்தா கிறுக்கச்சியாட்டம் இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அந்த டாக்டரம்மா ரூமுல நீ அழுததக் கதவுகிட்ட நின்னு பாத்துட்டேன். அதனாலதான் அப்புடிச் சொன்னேன். எதத் தின்னாலும் நனைஞ்ச அட்டையத் திங்கற மாதிரிதான் இருக்குது. நீ நிக்கிறவரைக்கும் முழுங்குவேன். நீ அக்கட்ட போனா எரும மாட்டுக்குப் போட்டுருவேன்."

எருமை செந்தூரா தின்ற கதை இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த எடைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. குறைவதற்கு இன்னும் ஒரு கிலோதான் பாக்கி. இத்தனை நாள் பொய் சொன்னாரே என்பதைவிட, அட்டையைத் தின்பது போல என் முன்னால் தின்று காட்டினாரே என்பதுதான் என்னை அறுத்தது.

அதன்பின் அவர் தின்னும்போது பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இரண்டு வாய்க்கு மேல் குமட்டியது. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

வைகாசி பிறந்து இமாம்பசந்த் பழுத்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. முந்தின நாள் காலையில் அவர் ஒரு பழத்தை அறுத்து, ஒரு கதுப்பை என் பக்கம் தள்ளினார்.

"இத நீ தின்னு. தின்னுபோட்டு எப்புடி இருக்குதுன்னு சொல்லு. எனக்குத்தான் தெரியலயே. நீ சொன்னீன்னா நெனச்சுக்கிட்டே முழுங்கிப் பாக்கறேன்."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கையில் எடுத்துக் கடித்தேன்.

கொட்டையைச் சுற்றி நாராக, லேசான புளிப்போடு ஒட்டியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல்லே தேவைப்படவில்லை. வெண்ணெய் போல நாக்கில் இறங்கி, விழுங்கிய பிறகும் தித்திப்பு போகாமல் இருந்தது. என் வீட்டு மரம், நான் தண்ணீர் விட்ட மரம், அதன் கதுப்பை முழுதாக நான் தின்றதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் வாயை லேசாகத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு," என்றார்.

"ஏனுங்க, இத்தன வருசமா இதையா நீங்க ஒத்தையாத் தின்னுட்டு இருந்தீங்க?"

நிஜமான கோபத்தோடுதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வறண்ட தொண்டை, சிரிப்பு இருமலாக மாறியது. தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினேன். இருமல் நின்றதும் தன் கதுப்பை எடுத்தார். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். நுனியில் தித்திப்பு கம்மி என்றேன், காம்புப் பக்கம் தேன் என்றேன். "ஆமா, அப்புடித்தான் இருக்கோணும்," என்று சொல்லிச் சொல்லி விழுங்கினார். தோல் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு மூன்று பழம் அப்படித் தின்றோம்.

திங்கட்கிழமை அவர் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். நான் முள்ளைப் பார்க்காமல் நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். போன தடவையைவிட அரைக் கிலோ குறைவு. குழாய்க்கு இன்னும் அரைக் கிலோ இருந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, சுவை தெரிய ஆரம்பித்ததா என்று அவரிடம் கேட்டார். இனிக்குது என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"ஒண்ணுமே தெரியலீங்க," என்றார் அவர். என்னைக் கைகாட்டினார். "ஊட்டுல தின்னு பாத்துச் சொல்றாங்க. நானும் கூடவே முழுங்கிக்கறனுங்க."