ஜெபல் ஜைஸ் மலையில் ஒரு தகரடின்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புதான். அச்சுக்குப் போகும் முன் யாராவது திருத்திவிடுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் பனியா என்று ஊரில் சிரிக்கிறார்கள். அவர்களுக்காக, நம் பக்கத்து ஆட்கள் போடும் ஆண்டு மலருக்கு இதை எழுதுகிறேன்.

புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கழுவும் கம்பெனியில் எனக்கு ஹோல் வாட்ச் வேலை. தொட்டியின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வரும்வரை கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை, எனக்குப் பொருத்தம்.

டிசம்பர் முதல் வாரம் எல்லார் போனிலும் வானிலைச் செய்தி வந்தது. உள்பகுதியில் காலை மூடுபனி, மலைகளில் கடும் குளிர், உச்சியில் தண்ணீர் உறையலாம் என்று இருந்தது. அரியலூர்க்காரனுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுங்கப்பா என்று ரூமில் என்னைக் கேலி செய்தார்கள்.

ஞாயிறு விடிகாலை நாலரை மணிக்குத்தான் என் மச்சான் செல்வராசு முந்தின மாலை அனுப்பியிருந்த குரல்செய்தியைக் கேட்டேன். என் மனைவியின் தம்பி. ராஸ் அல் கைமா பக்கம் ஜெபல் ஜைஸ் மலையில் ஓர் அரபியின் ஆட்டுப்பட்டியில் வேலை, துணைக்கு ஒரு வங்காளி.

"மாமா, குளிருக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. டின்னுல கரியப் போட்டு ரூமுக்குள்ள வெச்சுட்டோம். கதவுக்கு அடியில சாக்க அடைச்சுட்டா அடுப்படி மாதிரி சூடா இருக்கு. காலையில கொஞ்சம் தலவலி, அவ்வளவுதான். இன்னைக்கும் போடப் போறோம்."

தலைவலி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தேன். கெட்ட காற்றின் முதல் அடையாளம் அதுதான் என்று வருடாவருடம் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். பலமுறை கூப்பிட்டேன். மணி போகவில்லை. அங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்றால், பட்டிக்கு வழி சொல்ல எனக்கு அரபியும் தெரியாது, பட்டிக்குப் பெயரும் கிடையாது. ஒருமுறை போன வழி கண்ணில் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு ராஸ் அல் கைமாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் கிடைத்தது. கீழக்கரைக்காரர், புஜைராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய். முப்பது திர்ஹம் பேசினோம். பின்னால் இருந்த சரக்கில் இரண்டு கம்பளியும் வாங்கினேன். ஒன்று நாற்பத்தைந்து.

மசாஃபி தாண்டி மலை இறங்கியதும் ரோடே இல்லை. பால் கொட்டிய மாதிரி வெள்ளை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு இரண்டு கண்ணாக மிதந்தது, பிறகு அதுவும் இல்லை. பாய் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கிவிட்டார். பத்து மணிக்கு மேல்தான் இது விலகும், கலாஸ், அவ்வளவுதான், டீ குடிப்போம் என்றார்.

டீ ஒன்றரை திர்ஹம். குடித்துக்கொண்டே வார்த்தையைத் தேடினேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. டீ ஆறிப்போனது. கடைசியில் போனை நீட்டி மச்சானின் குரலைப் போட்டுக் காட்டினேன்.

பாய் முழுதும் கேட்டார். "ஏம்ப்பா, ஒரு மணி நேரமா பக்கத்துல உக்காந்திருக்க. இத முதல்ல சொல்றதுக்கென்ன?"

"உங்களுக்குத் தொந்தரவு..."

"தொந்தரவாம். ஏறு வண்டியில."

நாலு விளக்கும் மினுங்க, இருபது கிலோமீட்டர் வேகத்தில், ரோட்டோர வெள்ளைக்கோட்டை நான் கண்ணாடி இறக்கிப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஓட்டினார். ராஸ் அல் கைமாவில் இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். சரக்கை இறக்காமலேயே மலைப்பாதையில் திருப்பினார்.

மேலே ஏறியதும் வெயில். மூடுபனி கீழே கடல் மாதிரி கிடந்தது. பத்தே காலுக்குப் பட்டி. தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி. ஆடுகள் பசியில் கத்தின. அந்நேரம் வரை யாரும் பட்டியைத் திறக்கவில்லை.

தகர அறையின் கதவு சாத்தியிருந்தது. அடியில் சாக்கு.

ஆள் விழுந்தால் ஹோல் வாட்ச் உள்ளே ஓடக் கூடாது, ஓடியவனும் விழுவான். அதுதான் எங்கள் முதல் பாடம். கல்லால் ஜன்னலை உடைத்தேன். பாயும் நானும் கதவை உதைத்துத் திறந்தோம். காற்று உள்ளே புகட்டும் என்று வாசலிலேயே நின்றேன். என் ஆயுளில் நீளமான நேரம் அதுதான். செல்வராசு தானே தட்டுத்தடுமாறி வந்து மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். வங்காளி எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஆளுக்கொரு கையாக இழுத்து வந்து வெயிலில் போட்டோம். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. இருவரையும் வேனில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று மணிக்கு வங்காளி கண்விழித்து, ஆடுகளுக்குத் தீனி வைத்தாச்சா என்று இந்தியில் கேட்டான். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செல்வராசு மட்டும் முறைத்தான். "ஊருல மார்கழியில கணப்பு போட்டுத் தூங்கினோமே மாமா, என்ன ஆச்சு?"

"அது ஓட்டு வீடுடா. ஓட்டு இடுக்குல புகை போகும், காத்து வரும். இது தொட்டி. மேன்ஹோல மூடிட்டு உள்ள தீ வெச்சிருக்கீங்க."

மறுநாள் லீவு போட்டு இருவரையும் பட்டியில் கொண்டுவிட்டேன். கம்பளிகளைக் கொடுத்தேன். கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் தகரத்தை வெட்டியெடுத்தேன். டின்னை அங்கே விட மனமில்லை. நான் திரும்பியதும் பற்றவைப்பார்கள். கரிப்பிடித்த அதை மடியில் வைத்துக்கொண்டே டாக்ஸியில் மலை இறங்கினேன். சீட் அழுக்காகும் என்று டிரைவர் பத்து திர்ஹம் கூடுதலாக வாங்கினார்.

அந்த டின் இப்போது புஜைராவில் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தினமும் பொழுது சாயும்போது செல்வராசு பாறைமேல் ஏறி ஒரே வரி அனுப்புகிறான்: "கதவு திறந்திருக்கு மாமா." அது வந்த பிறகுதான் என் டூட்டி முடிகிறது. இன்றைக்கு இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே எழுதினேன். இதோ வந்துவிட்டது.

டிசம்பர் 28, 2025, ஞாயிறு.