வரிசையில் போய்விட்ட வலி

“அவ ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே, டாக்டர்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மச்சான் சொன்ன இந்தப் பேச்சு வெல்டரின் தொண்டையில் வருஷக்கணக்காக முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மச்சான் பஸ் ஓட்டுகிறவர். எஞ்சினுக்குள் சின்னதாக ஒரு ‘டொக்’ கேட்டால் போதும், வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்காமல் நகரமாட்டார். அப்பேர்ப்பட்ட காது. ஒரே கூரைக்குக் கீழே கட்டிய பெண்டாட்டி முனகியது மட்டும் அந்தக் காதில் விழவே இல்லையாம்.

அந்தப் பெண்டாட்டிதான் வெல்டரின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு அவனுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள்.

அவளுக்குக் காலுறைக் கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து காலுறை சுருங்கிப்போய்க் கசங்கி விழும். அதை ஒவ்வொன்றாக எடுத்து, சூடேறிய அலுமினியப் பாதத்தில் மாட்டி, நீவி, ஆவியில் வாட்டிக் கழற்ற வேண்டும். அந்த அலுமினியப் பாதங்கள் உள்ளங்கால் மேலே பார்க்க, தலைகீழாக நட்டது போல வரிசையாக நிற்கும். முதல்தடவை பார்க்கிறவன் ஓர் அடி பின்னால் வைப்பான். அக்கா அவற்றின் நடுவே நின்றே கால்வாசி ஆயுளைக் கழித்தாள். அந்த வெக்கைக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்?

ஒரு தடவை புது மெஷின் இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்கச் சீனாக்காரர் ஒருத்தர் வந்தார். வயசானவர், பாஷை தெரியாது. அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தவர், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தார். சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை மேடாக இருக்கும் இடத்தில் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் தலைவலியைக் காணோம்.

மெஷின் ஓடத் தொடங்கும் வரை அவர் அங்கேயே இருந்தார். அதற்குள் அக்கா முக்கியமான இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டாள். குமட்டலுக்கும் மேல்வயிற்று வலிக்கும் உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவில். ஜீரணத்துக்கு முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் கீழே, எலும்புக்கு வெளிப்பக்கம். படபடப்புக்கும் வலி அடங்கவும் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேலே போகும் பள்ளம். அளக்கிற விரல் யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று அவர் கையைக் காட்டியே புரியவைத்தார். நோவு யாருக்கோ, அவர் விரலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அழுத்துகிறவன் விரலை வைத்து அளந்தால் இடம் தப்பும்.

பிறகு சாப்பாட்டு நேரத்தில் அக்கா வகுப்பே நடத்த ஆரம்பித்துவிட்டாள். ஆறிப்போன அலுமினியப் பாதங்களில் சாக்பீஸால் புள்ளி வைத்து, இது மூட்டுக்கு, இது தூக்கத்துக்கு என்று காட்டுவாள். ஒருநாள் புள்ளியைத் துடைக்க மறந்துபோனாள். மத்தியானம் மாட்டிய கறுப்புக் காலுறை அத்தனையிலும் ஆவி பட்டு வெள்ளைப் புள்ளி ஊறிவிட்டது. சூப்பர்வைசர் ஒரு கட்டுக் காலுறையைத் தூக்கிக்கொண்டு வந்தான். காலுறைக்கெல்லாம் அம்மை போட்டிருக்கிறதா என்று ஆரம்பித்து ஏறு ஏறென்று ஏறினான். எல்லாம் ஏறி முடித்தபின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “கழுத்து நாலு நாளா திரும்பல” என்று கையை நீட்டினானாம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் ‘கட்டைவிரல் டாக்டர்’ என்று பெயர். பெயர் தெருவுக்கும் வந்துவிட்டது. பல்வலி, தூக்கமின்மை, மாமியார் சண்டையில் வந்த படபடப்பு எல்லாம் அவள் வீட்டு வாசலுக்கு வந்தன. மச்சானுக்கு அதில் ஏகப் பெருமை. எங்க வீட்லயே ஆஸ்பத்திரி இருக்கு என்று டிப்போவில் பீற்றிக்கொள்வார். வேலை முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்து காலை நீட்டுவார். அதுவரை நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். வெல்டர் பல தடவை பார்த்திருக்கிறான். ஒருநாள் பொறுக்காமல், அக்காவின் கால் என்ன இரும்பிலா அடித்திருக்கிறது என்று கேட்டே விட்டான். இரும்புக்கு நீ இருக்கியே மாப்ளே, பத்தவச்சுடு என்றார் மச்சான். வீடே சிரித்தது. அக்காவும்தான்.

அந்த வீட்டுக்கு வந்துபோன ஒருத்தராவது உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை.

அவளுக்கு வலி முதலில் சாப்பிட்ட பிறகு வந்தது. அப்புறம் சாப்பிடாமலே வந்தது. நெஞ்சுக்குக் கீழே, மேல்வயிற்றில், முதுகு வரை துளைத்துக்கொண்டு போகும். அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கும், இவள் ஒரு கையால் கிளறிக்கொண்டே இன்னொரு கையின் மணிக்கட்டை மேடையின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். தட்டில் சோறு குறைந்தது. ரவிக்கை தொளதொளத்தது. ஒருநாள் வலிக்கிறது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். சொன்னது மச்சானிடம்தான். “டாக்டருக்கே வயித்துவலியா?” என்று அவர் சிரித்திருக்கிறார். “உன் கையே உனக்கு இருக்கு. உனக்கென்ன குறை?”

இதைத்தான் பின்னால் அவர் ஒரு வார்த்தைகூட இல்லை என்றார்.

விஷயம் தெரிந்ததும் வெல்டர் அவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டம் நகரவே இல்லை. அக்கா வளையலை மேலே தள்ளிவிட்டு, மூன்று விரல் வைத்து அளந்து, அழுத்த ஆரம்பித்தாள். முகத்தில் இருந்த சுளிப்பு மெல்ல மெல்லக் கலைந்தது. இவர்கள் நம்பர் வருவதற்குள் அவள் எழுந்தே விட்டாள்.

“போயிடுச்சுடா. வா, போலாம்.”

“வந்தது வந்துட்டோம், காட்டிட்டே போயிடலாம்க்கா.”

“வலியே இல்லாம உள்ள போய் என்னன்னு சொல்றது? டாக்டரைப் பாக்க ஆசையா இருந்துச்சு, வந்தேன்னா? பின்னாடி பாரு, அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட நிக்குது.”

டோக்கனை அந்தப் பெண் கையில் திணித்துவிட்டு நடந்தாள். வெல்டருக்குப் பட்டறையில் பாதி ஒட்டிய கேட் ஒன்று கிடந்தது. அவனும் கிளம்பிவிட்டான்.

வலி குறைந்தால் நோய் குறைந்தது என்று அர்த்தமா? ஓடுகிற பஸ்ஸில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பைக் கழற்றிப் போடுகிற கதைதான் இது. ஆனால் அந்தப் பெஞ்சில் அவளுக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நோவு இல்லாமல் டாக்டரின் நேரத்தை எடுத்துக்கொள்வது அவளுக்குத் திருட்டு மாதிரி.

அடுத்த தடவை கூட்டிப்போனபோது வெல்டர் உஷாராக இருந்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வலியோடு உள்ளே போகணும், அழுத்தக் கூடாது என்று கண்டித்துச் சொன்னான். எதிரே இருந்தவர்கள், வளர்ந்து ஆளான தம்பி அக்காளின் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்த்தார்கள். அவள் முதலில் நெளிந்தாள், பிறகு சிரித்தாள், பிறகு சும்மா இருந்தாள். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் அதே பேச்சு. போயிடுச்சுடா.

குனிந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலின் குதியால் மற்ற காலின் பெருவிரல் பள்ளத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எக்கேடும் கெட்டுப் போ என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனான். அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். போய்ச் சமைத்திருக்கிறாள். மச்சானின் காலையும் பிடித்துவிட்டிருக்கிறாள்.

மழை ஆரம்பிக்கிற சமயம், வேலை நடுவில் அலுமினியப் பாதங்களுக்கு முன்னால் சரிந்தாள். சூப்பர்வைசரே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டபோதுதான் மச்சான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். வெல்டருக்குக் கை துறுதுறுத்தது. டாக்டர் நிற்கிறாரே என்று விட்டான். அக்கா அழுத்தி அழுத்தி வலியை அடக்கிக்கொண்டதைப் பற்றி அவனே டாக்டரிடம் சொன்னான், திட்டுவார் என்று நினைத்து. அவர் திட்டவில்லை.

“அழுத்துனது தப்பில்ல. சில பேருக்கு வலி கொஞ்சம் அடங்கத்தான் செய்யும். அந்த வலி ஏன் வந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் பாத்திருக்கணும்.”

யாராவது ஒருத்தர் என்று சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மச்சான் அதற்கும் தலையை ஆட்டினார்.

வார்டில் கிடந்தபோதும் அவளுக்கு ஓய்வில்லை. பார்க்க வந்த தெருப் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாக மணிக்கட்டை நீட்டினார்கள். தரை துடைக்கிற ஆயாவுக்கும் எப்படியோ விஷயம் தெரிந்து, இடுப்புப் பிடிப்பு என்று வந்து நின்றாள். அக்கா படுத்தபடியே அமுக்கிவிட்டாள். வெல்டர் முறைத்தான். ஆயா அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் வலி ஊசிக்கும் அடங்காமல் அவள் துடித்தபோது மச்சான் பதறிப்போய் அவள் கையை எடுத்தார். தன் தடித்த விரலை மூன்றாக வைத்து அளந்து, இடத்தைத் தாண்டிப் போய் அழுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உங்க விரல் இல்லங்க, என் விரல் என்றாள். அவ்வளவு காலம் அவள் மடியில் காலைப் போட்டிருந்த மனிதருக்கு அது தெரியவில்லை. அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. விரல்ல என்ன இருக்கு என்று கேட்டார்.

அவளுக்கு ஒரே மகள். வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்கிற ஆபீசில், நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை. வேலை விட்டு நேராக வார்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் ஒரு கை இன்னொரு கையின் கட்டைவிரல் இடுக்கைத் தேடிப் போனது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டாள். கொஞ்ச நாளாத்தாம்மா, அமுக்கினா சரியாயிடுது என்றாள் மகள். சின்ன வயசு, தூக்கம் பத்தல, வேறொண்ணுமில்ல என்றார் மச்சான்.

அக்காவின் முகம் அப்படி வெளிறிப்போனதை வெல்டர் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் வந்து வியாதியைச் சொன்னபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை. வெந்நீர் வேண்டுமென்று மகளை அனுப்பினாள். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று புருஷனையும் அனுப்பினாள். பிறகு தம்பியின் சட்டையைப் பிடித்துத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். அழுத்தி அழுத்தித் தழும்பேறிய கை. அதில் அப்போது பலமே இல்லை.

“நாளைக்கே அவளைக் கூட்டிட்டுப் போ. அவங்க அப்பாகிட்ட கேக்காதே. பட்டறையைப் பூட்டிட்டுப் போ. உள்ள போறதுக்கு முன்னாடியே போயிடுச்சு மாமா, போலாம்னு சொல்லுவா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. நம்பாதேடா. டாக்டர் தலைக்குள்ள என்னன்னு பாத்துச் சொல்ற வரைக்கும் அவளை எந்திரிக்க விடாதே.”