பாய்மரம் கட்டிய ஐஸ் வண்டி

எங்கள் ஊரில் கடலில் போகிற எதற்கும் பாய் கட்டலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தார் ரோட்டில் ஓடுகிற டீசல் வண்டிக்குப் பாய் கட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எனக்கு அப்பாவாக வாய்த்தது என் தலையெழுத்து என்று ஐந்தாம் வகுப்பில் நான் உறுதியாக நம்பினேன். கூடப் படித்த பிள்ளைகளும் அப்படித்தான் நம்பினார்கள், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வண்டி பெரிய மாமாவுடையது. பெரிய மாமா அம்மாவின் அண்ணன். அம்மாவின் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்குத் தோணி விட்டவர்கள். மாமா அதை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஐஸ் பேக்டரி வைத்தார். முன்னால் ஜீப்புக்கு இருப்பதுபோல மூக்கும் பின்னால் திறந்த பலகைப் பெட்டியுமாக ஒரு முரட்டு டீசல் வண்டி வாங்கினார். விடியற்காலையில் ஐஸ் கட்டிகளை உமியில் புதைத்து, சாக்கு மூடி, காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வரை கொண்டுபோய் இறக்குவது, திரும்பும்போது மீன் பெட்டி ஏற்றி வருவது. ஓட்டுவது அப்பா. அவர் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து பெண் எடுத்தவர், கடல்தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்காதவர். வண்டி வருவதற்கு முன்பு ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்பதால் அவரை டிரைவர் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீசல் விலை ஏறியது அந்தக் காலத்தில்தான். அதுவரை வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. விலை ஏறியபின் பெரிய மாமா சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, டேங்க் மூடியைத் திறந்து, ஒரு வேப்பங்குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மீட்டரையும் பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். இதே மாதிரி வண்டி திருச்செந்தூரில் ஒருவரிடம் இருக்கிறதாம், அது இதில் பாதிதான் குடிக்கிறதாம். ஒருநாள் அவர் போகும்போது சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வண்டிதான் குடிக்கா, இல்ல வேற யாரும் குடிக்காங்களான்னு பாரு மாப்பிள்ளை. இப்படியே போச்சுன்னா சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுட்டுப் போறேன்."

டீசலை யாராவது குடிப்பார்களா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். வண்டி கைவிட்டுப் போனால் அப்பா மறுபடியும் கருவாட்டு மூட்டைக்கு நடுவில் போய் உட்கார வேண்டும், அது மட்டும் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. டயருக்குக் கல் மாதிரி காற்று அடித்தார். ஏர் பில்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்தார். இன்ஜினுக்கு டீசல் பீய்ச்சும் நாசிலை மதுரைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கினார். வண்டியில் வீண் கனம் இருக்கக் கூடாது என்று ஸ்டெப்னி டயரை இறக்கிவைத்தார், பிறகு முன்சீட்டு மெத்தையையும் இறக்கிவிட்டுப் பலகையில் உட்கார்ந்து ஓட்டினார். ஆக்சிலேட்டரைக் கோழிக்குஞ்சை மிதிப்பதுபோல மிதித்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்டுத் தாண்டிப் போனார்கள். முக்காணிப் பாலத்து இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். ரயில்வே கேட்டில் நின்றாலும் அணைத்துவிடுவார், கேட் திறந்தபின் சில நேரம் கிளம்பாது, பின்னால் நிற்கிறவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். இத்தனைக்கும் சனிக்கிழமை குச்சியில் ஈரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் ஊருக்குப் பரப்பியவர் சின்ன மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் தாய் சாகும்போது கைக்குழந்தையாக இருந்தவரை அம்மாதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள், அதனால் அவருக்கு வீட்டில் சட்டம் கிடையாது. பேக்டரிக்குப் போகிறேன் என்பார், போகமாட்டார். எனக்கு அவரைத்தான் உலகத்திலேயே அதிகம் பிடிக்கும். வெளியே போய்விட்டு வந்தால் சட்டைப்பையிலிருந்து மக்ரூன் பொட்டலம் எடுப்பார். அப்பா ஆக்சிலேட்டர் மிதிப்பதை அவர் நடித்துக் காட்டும்போது வயிறு வலிக்கச் சிரிப்பேன். அப்பா ஒருநாளும் எனக்கு மக்ரூன் வாங்கித் தந்ததில்லை என்பதையும் நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் அப்பா கொடிக்குப் பக்கத்தில் நின்றார். காயப்போட்டிருந்த சின்ன மாமாவின் கைலியை இரண்டு கையாலும் பிடித்து மூக்கோடு சேர்த்து வைத்திருந்தார். அம்மா வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் மறுபடியும் சோப்புப் போட்டாள். ஏற்கனவே துவைத்ததை எதற்குத் துவைக்கிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அப்பா பெரிய மாமா வீட்டுக்குப் போய், பேக்டரி கொட்டகையில் கிடக்கிற தோணிப் பாயைக் கொஞ்ச நாள் தரமுடியுமா என்று கேட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"பாயா? அது என்னத்துக்கு மாப்பிள்ளை?"

"ஆடி மாசத்துக் கச்சான் காத்து இப்படி அடிக்கே மச்சான். குலசையில இருந்து வாரப்ப முதுகுலதான் அடிக்கி. வண்டிக்குக் கட்டுனா டீசல் மிச்சமாகும்லா."

பெரிய மாமா அவரை வெகுநேரம் பார்த்தார். அத்தை சிரிப்பை மறைக்க உள்ளே போய்விட்டாள். பாய் தங்கள் அப்பா காலத்துச் சாமான், காணாமல் போனால் கிடைக்காது என்று மாமா சொன்னார். அதற்கென்ன, அதற்குக் காவலாக ராத்திரி தான் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னார். எனக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

அம்மா சண்டை போடுவாள், இந்தப் பைத்தியக்காரத்தனத்தை நிறுத்திவிடுவாள் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன். அப்பா அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் அம்மா சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பழைய பாயை வண்டிக்குத் தக்கபடி மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். தைக்கும்போது அழுதுகொண்டே இருந்தாள். ஒரு புருஷன் தன் மனைவியை இந்த நிலைக்குக் கொண்டுவரலாமா என்று எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது.

கேபினுக்குப் பின்னால் இரண்டு மூங்கில் நட்டு, மேலே குறுக்குக் கழி கட்டி, பாயைத் தொங்கவிட்டார். பழைய துறைமுகத்தில் தோணிக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். கயிறு கட்டியிருக்கிற அழகைப் பார்த்தே அவர்களுக்கு வியாதி வந்துவிடும்போலிருந்தது. அவர்களில் வயதான ஒருவர், இது பாய் இல்லை, நாடகத்துப் படுதா என்றார். சின்ன மாமா அன்றே அப்பாவுக்குக் கேப்டன் என்று பேர் வைத்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என்னை விடுவார்களா? ஏளா, ஒங்க லாரி கொழும்புக்கு என்னைக்குப் புறப்படுது, எங்களுக்கும் டிக்கெட் எடுத்துத் தாயேன் என்பார்கள். நான் உள்ளே வந்தால் ஒருத்தி வாயால் சங்கு ஊதுவாள். சோற்றுத் தூக்கைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்கள் உண்டு.

அதைவிடக் கொடுமை அந்த வாரத்து வெள்ளிக்கிழமை நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் அம்மா தைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்கிவர அப்பாவுடன் என்னை வண்டியில் அனுப்பியிருந்தாள். திரும்பி வரும்போது எங்கள் ஊரில் மாதா கோயில் திருவிழாக் கூட்டம். வழக்கமான தெரு அடைத்திருந்தது, கோயில் வழியாகவே போகச் சொல்லிப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். காற்று பாயை முட்டப் பிடித்திருந்தது. மூங்கில் கிறீச்சிட்டது. பின்னால் மீன் நாற்றம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டு, அப்படியே நின்று பார்த்தது. கேப்டன், கேப்டன் என்று பையன்கள் கூடவே ஓடிவந்தார்கள். பலூன் கடைக்குப் பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள், புதுப் பாவாடையில். நான் பலகையிலிருந்து சரிந்து கீழே காலடியில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டேன். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன், அப்பா நேராக ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். இவருக்கு வெட்கம் என்பதே கிடையாதா, உண்மையாகவே கப்பல் ஓட்டுகிறதாக நினைத்துவிட்டாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை பெரிய மாமா வந்தார். குச்சியை விட்டு எடுத்தார். வெயிலில் பிடித்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டு எடுத்தார். ஈரம் வழக்கத்தைவிட ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. மீட்டரையும் குனிந்து பார்த்தார், ஓட்டம் குறையவில்லை. பிறகு அண்ணாந்து அந்தப் பாயைப் பார்த்தார், தோணிக்காரர் வீட்டில் பிறந்த மனிதர்.

"ராத்திரி எங்கன படுத்த மாப்பிள்ளை?"

"வண்டியிலதான் மச்சான். பாயைப் பாத்துக்கிடணும்லா."

மாமா குச்சியைத் துடைத்துக் கீழே போட்டார். பாய் நன்றாகத்தான் இழுத்திருக்கிறது என்றார். காற்று தோதாக இருந்தது என்று அப்பா சொன்னார். பிறகு மாமா, சின்னவன் எங்கே என்று கேட்டார். காலையிலேயே வெளியே போய்விட்டான் என்று அம்மா சொன்னாள். அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமலே மாமா போனார். இத்தனை பெரியவர்கள் ஒரு படுதாவை நம்பிக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மாலையே அம்மாவிடம் அதைச் சொன்னேன். அப்பா நம் குடும்ப மானத்தையே வாங்கிவிட்டார் என்றேன்.

அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவள் என் மேல் கை வைத்ததில்லை.

"இந்தக் குடும்பத்துக்கு மானம்னு ஒண்ணு மிச்சம் இருக்குன்னா அது ஒங்கப்பாவாலதான் ளா" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அடுத்த வாரம் சின்ன மாமாவுக்குப் பம்பாயில் ஒரு கப்பலில் வேலை கிடைத்துவிட்டது என்று பெரிய மாமா கையோடு கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. ரயில் நிலையத்தில் நான்தான் அதிகம் அழுதேன். சின்ன மாமா யாரையும் கேலி செய்யவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ரயில் நகர்ந்தபோது அப்பா கொஞ்ச தூரம் கூடவே நடந்துபோய் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுத்தார், வழிக்குச் சாப்பிட. வீட்டுக்கு வந்ததும் பாயை அவிழ்த்து மடித்துக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் வண்டி நன்றாகவே மைலேஜ் கொடுத்தது. சீட்டு மெத்தையும் திரும்பி வந்தது. கேப்டன் என்ற பேர் மட்டும் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் காற்றின் விசை பற்றிப் பாடம் எடுத்தார்கள். வண்டி காற்றைவிட வேகமாக ஓடினால் அதற்குக் கட்டிய பாய் என்ன செய்யும் என்று எழுந்து கேட்டேன். வகுப்பில் பழைய கதை நினைவிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேக் மாதிரி பின்னால் இழுக்கும், டீசல் இன்னும் கூடச் செலவாகும் என்றார்கள் சிஸ்டர். அப்படியானால் அந்த வாரம் குச்சியில் ஈரம் ஏறியது எப்படி? வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் யோசித்தேன். அந்த வாரம் புதிதாக நடந்தது பாய் கட்டியது ஒன்று, அப்பா வண்டியில் படுத்தது ஒன்று. பாய் இழுக்கவில்லை.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"ஒன் சின்ன மாமன்தான். ராத்திரில டேங்குல டியூபைப் போட்டு உறிஞ்சி, மீன்பிடி போட்டுக்காரனுக்கு வித்தான். ஒங்கப்பா சொல்லியிருந்தா பெரியவன் அவனை வெட்டிப் போட்டிருப்பான். சொல்லலைன்னா ஒங்கப்பாதான் கள்ளன். நான் என்ன செய்ய? அதான் பாயைக் கட்டுனாங்க."

நான் தின்ற மக்ரூன் அத்தனையும் எங்கள் வண்டியின் டீசல்தான் என்று அப்போது தெரிந்தது. பெரிய மாமா குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டது இன்ஜினைப் பற்றி அல்ல, அப்பாவைப் பற்றி என்பதும் தெரிந்தது. என் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல், நான் ஊரோடு சேர்ந்து அவமானப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பா பொதுவாகவே கூச்சம் அதிகம் உள்ளவர். கல்யாணப் பந்தியில் இலையில் குழம்பு தீர்ந்துவிட்டால் கேட்கமாட்டார், வெறும் சோற்றை உருட்டித் தின்றுவிட்டு எழுந்து வருவார். தெரிந்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து நின்றால் தெருவின் எதிர்ச் சாரிக்கு மாறிப் போவார். அப்படிப்பட்ட மனிதர் அன்று திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே பாய் விரித்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த வண்டியில் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நான் குனிந்து காலடியில் ஒளிந்துகொண்டேன். அவர் வண்டி ஓட்டவேண்டியிருந்ததால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.