மாப்பிள்ளை சாப்பிடாத ஏழு மாதங்கள்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் சிற்றப்பாவைப் பற்றி இதுவரை இரண்டே வரிகள் இருந்தன: பிறந்த நாள், மணநாள். பின்வருவதை அவருடைய பணிக் குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே சேர்க்கிறேன்.

மிருகக்காட்சிசாலையில் அவர் பொறுப்பில் இரண்டு அனகோண்டாக்கள் இருந்தன. பதினாறு அடிப் பாம்பு தொட்டித் தண்ணீரில் அமிழ்ந்து, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். மாதம் ஒரு முயலைச் சுற்றி இறுக்கி, மெல்லாமல் விழுங்கிவிட்டு மறுபடியும் அசையாது. ஆகவே அதன் பெயர் மாப்பிள்ளை. மூலையில் ஒடுங்கியிருக்கும் எட்டடிப் பாம்பு புதுப்பெண். பெரியதுதான் ஆண் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அலுவலகப் பதிவேடும் அப்படியே சொன்னது.

ஒருநாள் மாப்பிள்ளை முயலைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோழி, வாத்து எதுவும் எடுபடவில்லை. ஏழாவது மாதம், அதை வேறு ஊர்க் காட்சிசாலைக்கு அனுப்பிவிட மேலாளர் உத்தரவிட்டார். பதினான்கு ஆண்டுகள் வளர்த்த சிற்றப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு அடுக்கோடு சித்தியே நேரில் வந்தார்.

“பாம்பு பட்டினி கிடந்தா நீங்களும் கிடக்கணுமாங்க?”

“அது வாடிப்போச்சுடி.”

“வாடிப்போச்சா? இடுப்பைப் பாருங்க! நம்ம பெரியவளைச் சுமந்தப்போ நானும் இப்படித்தான் கிடந்தேன்.”

“அது மாப்பிள்ளைடி!”

“மாப்பிள்ளையோ மாமியாரோ, வயித்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?”

சிற்றப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை லாரி வந்துவிட்டது. ஆறு பேர் பெட்டியோடு நிற்க, அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, “இன்னும் ஒரே வாரம் குடுங்க சார்” என்று மன்றாடினார். அப்போது காலில் ஏதோ நெளிந்தது. குனிந்தால் இரண்டடி நீளக் குட்டி! அனகோண்டா முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தொன்பது வந்தன.

ஓடிவந்த கால்நடை மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்த இனத்துல பொம்பளைதான் பெருசு. மூலையில பயந்து கிடக்கிறாரே, அவர்தான் வீட்டுக்காரர்.”

“பார்த்தாலே தெரியுதே!” என்றார் சித்தி.

மேலாளர் லாரியைப் பார்த்தார்; தொட்டியைப் பார்த்தார். “இத்தனையையும் எவன்யா பார்த்துக்குவான்?”

முழங்கையில் மூன்று குட்டிகள் தொங்க, சிற்றப்பா ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தார்.

லாரி காலியாகத் திரும்பியது. குட்டிகளை எண்ணுகையில் பதினோராவதும் பதினான்காவதும் அவர் விரலைக் கடித்தன. அவ்விரண்டையும் “நல்லா வரும் பசங்க” என்று இன்றும் தனியாகப் பாராட்டுகிறார்.